மேலே வந்த மீன்கள்

குளம் வெட்டியதிலிருந்து அவள் ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. அக்காவுக்கு ஆபரேஷன், கூட இருக்க வேறு ஆள் இல்லை என்று வந்தபோதுதான் கிளம்பினாள். அதுவும் அரை மனசாக. இரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துவிட்டு, மூன்றாம் நாள் விடிந்ததும் முதல் பேருந்தைப் பிடித்தாள். ஜன்னலுக்கு வெளியே வானம் இறுகிக் கிடந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. இரண்டு நாளாகவே இப்படித்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரிக்குள் இருப்பவர்களுக்கு ஏது வானம்?

கிளம்பும்போது நல்ல வெயில். அதனால் புருஷனிடம் காலையில் ஒரு பக்கெட் தீவனம், சாயங்காலம் ஒரு பக்கெட் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பதினாறு வருஷம் ஆழ்கடல் படகில் இருந்த மனுஷனுக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அந்தப் பதினாறு வருஷம்தான் அவள் பிரச்சினையே. படகு ஒரு தடவை போனால் நாற்பது நாள், ஐம்பது நாள். மகள் பிறந்ததை அவன் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கேள்விப்பட்டான். குழந்தைக்கு விவரம் தெரிந்த பிறகு, ஒவ்வொரு தடவை அவன் வீட்டுக்குள் நுழையும்போதும் அது ஓடிப்போய் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பழகுவதற்குள் மறுபடி படகு. கரைப்பக்கம் மீன் அற்றுப்போனதால் படகுகள் வருஷத்துக்கு வருஷம் தூரம் போய்க்கொண்டிருந்தன. போன வருஷம் இரண்டு படகுகள் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகுதான் அவள் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த பள்ளத்தைக் குளமாக்கினாள். மீன்வளத் துறைப் பெண் அதிகாரியிடம் பத்து நாள் பயிற்சி எடுத்து, ஆயிரத்து இருநூறு கெண்டைக் குஞ்சுகளை விட்டாள். அவன் முதலில் சிரித்தான். "உன் வாளியில தண்ணி எப்படி இருக்கு?" என்றுதான் குளத்தைப் பற்றி விசாரிப்பான். ஆனால் ஒருநாள், தானாகவே, ஒரு அறுவடை நல்லபடியாக எடுத்துக் காட்டினால் தான் கரையோடு இருந்துவிடுவதாகச் சொன்னான். அந்தச் சொல்லை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். அறுவடைக்கு இன்னும் ஆறு வாரம். படகு முதலாளியோ அடுத்த நடைக்கு வருகிறானா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும் என்றிருந்தார். இன்று புதன்.

பேருந்து பாதி வழி வந்திருக்கும், போனில் அவனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. குளம். பச்சைத் தண்ணீர் முழுக்க வட்ட வட்டமாக வாய்கள். கரையோரம் மொத்தக் கூட்டமும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பின்னால் அவன் சிரிப்புச் சத்தம்.

அவள் வீடியோவை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. உடனே கூப்பிட்டாள்.

"பாத்தியா?" என்றான் அவன், எடுத்ததுமே. "உன் வாளிக்குள்ள இத்தனை மீன் இருக்குன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது. நடுக்கடல்ல கூட்டம் மேல வரும்ல, அப்படியே இருக்கு."

"தீவனம் போட்டீங்களா?"

"போடாம? பாவம், வாயத் தொறந்துக்கிட்டு நிக்குதுங்க. நேத்தே மூணு பக்கெட் போட்டேன். இன்னைக்கு நாலு."

"என்னங்க, அது பசியில்ல. மூச்சு முட்டுது. வெயில் இல்லாம தண்ணியில காத்தே இல்ல. நீங்க போட்டதெல்லாம் அடியில கெடந்து அழுகி, இருக்கற கொஞ்சத்தையும் இழுத்துக்குது. ஓடிப்போய் மோட்டாரைப் போடுங்க."

"மீனுக்கு மூச்சா? தண்ணியில கெடக்கறதுக்கா?" அவன் நிஜமாகவே சிரித்தான். "மீன் மேல வந்தா நல்ல சகுனம்டி. நான் பாக்காத மீனா?"

அவள் குரல் பேருந்து முழுக்கக் கேட்டது. "மோட்டாரைப் போடுங்க!" பக்கத்து சீட்டுப் பெண் கரிசனமாகத் திரும்பி, வீட்டில் குழாயில் தண்ணீர் வரவில்லையா என்று கேட்டாள். போனில் அவன், வந்து பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்புறம் திடீரென்று பேச்சு நின்றது. "ஒண்ணு மல்லாந்துடுச்சு" என்றான், வேறு குரலில். உடனே, "இன்னொண்ணும்."

அவள் வீடு போய்ச் சேர இன்னும் நாற்பது நிமிஷம் ஆனது.

பையை வாசலிலேயே போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் குழாயைக் காற்றுப் படாதபடி குளத்துக்குள் அமிழ்த்தி வைத்திருந்தான். அவள் அதை இழுத்து, ஒரு கழியில் உயரக் கட்டி, தண்ணீர் சிதறி விழும்படி முனையில் ஓட்டைத் தட்டு ஒன்றைக் கவிழ்த்தாள். அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று பலகையால் குளத்தை அடித்துக்கொண்டிருந்தான். போனிலேயே அவள் சொல்லியிருந்த வேலை அது. நிறுத்தாமல் அடித்தான். அடுத்த வீட்டிலிருந்து வந்த நாத்தனார் குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீரை மேலிருந்து ஊற்றினாள்.

பத்து மணிக்கு மேல் மேகம் லேசாகக் கிழிந்தது. மஞ்சளாக ஒரு வெளிச்சம் தண்ணீரில் விழுந்தது. உயிரோடு இருந்தவை ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. மற்றவை இறங்கவில்லை.

கூடை கூடையாக அள்ளிக் கரையில் கொட்டினார்கள். பெரியவைதான் முதலில் போயிருந்தன. எழுநூறுக்கு மேல் எண்ணியபின் அவள் எண்ணுவதை விட்டாள். மிஞ்சியவை சின்னவை. அவற்றை வைத்துக்கொண்டு அறுவடை என்று சொன்னால் யாராவது சிரிப்பார்கள்.

நாத்தனார் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஏம்மா, அவனை அப்படிப் பாக்காத. என் தம்பி வேணும்னேவா பண்ணுவான்?" என்றாள்.

அதுவரை அவள் மனசில் அந்த எண்ணமே வரவில்லை. நாத்தனார் சொன்ன பிறகு அது போகவும் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள். கடலில் மீன் கண்ணசைத்தால்கூடப் புரிந்துகொள்கிறவனுக்கு, கண்ணெதிரே சாகிற மீன் மட்டும் தெரியாமல் போகுமா? அவள் நாத்தனாரைக் காபி போடச் சொல்லி அனுப்பிவிட்டு, அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் செத்த மீன்களுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் சுண்ணாம்பு மூட்டை பிரித்து வைத்திருந்தது.

"தெரிஞ்சு செஞ்சீங்களா?"

அவன் மண்வெட்டியை நிறுத்தினான். கோபப்படுவான் என்று நினைத்தாள். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"இல்ல. சத்தியமாத் தெரியாது" என்றான். "கடல்ல அப்படி மேல வந்தா, எல்லாரும் கத்துவோம். ஏழு மாசத்துல நேத்துதான் முதல் தடவையா இந்தக் குளத்தைப் பாத்து எனக்கு சந்தோஷமா இருந்துச்சு."

"அப்ப ஏன் என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறீங்க?"

குழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன்ல நீ கத்திக்கிட்டு இருந்தப்ப முதல் மீன் மல்லாந்துச்சுல்ல? அதப் பாத்ததும், சரி, இனிமே கடலுக்குப் போகலாம்னு தோணுச்சு. ஒரு நிமிஷம்தான். அப்புறம்தான் தண்ணியில குதிச்சேன். ஆனா அந்த ஒரு நிமிஷம் தோணுச்சு."

சண்டை போடுவதற்காக அவள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் உதவாமல் போனது. பொய் சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். இவ்வளவு வருஷத்தில் அவன் அவளிடம் சொன்ன மிக உண்மையான பேச்சு இதுவாகத்தான் இருக்கும். அதைச் சொல்ல இத்தனை மீன் சாக வேண்டியிருந்தது. குளம் கைகொடுத்திருந்தால் அவன் சொன்ன சொல்லுக்காக இருந்திருப்பான். தினம் காலையில் அந்தப் பள்ளத்துத் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து உள்ளுக்குள் வற்றியிருப்பான். அப்படி வற்றியவனையும் அவள் கரையோடு இருக்கும் புருஷன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாள்.

"நான் இருக்கேன்" என்றான் அவன், மெதுவாக. "முதலாளிக்கு வரலன்னு சொல்லிடறேன். மறுபடி குஞ்சு விடலாம். செஞ்ச தப்புக்கு நானே கூட இருந்து..."

"தப்புக்காக யாரும் என்கூட இருக்க வேண்டாம்."

"பின்ன என்னதான் செய்யச் சொல்ற?"

"போகணும்னா போங்க. ஆனா மீன் செத்துப்போச்சு, வீட்ல கஷ்டம், அதனால வர்றேன்னு முதலாளிகிட்ட சொல்லாதீங்க. எனக்குக் கடல் வேணும்னு சொல்லிட்டுப் போங்க. நான் கேக்கறேன், இங்கயே நின்னு."

அவன் மறுக்கவில்லை. சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். அவள் இரண்டடி தள்ளி, கூடையைக் குழிக்குள் கவிழ்த்தபடியே கேட்டாள். முதலாளி எதிர்முனையில் ஏதோ விசாரித்திருக்க வேண்டும்.

"இல்லண்ணே, வீட்ல ஒண்ணும் இல்ல. குளத்துக்காகவும் இல்ல" என்றான். "எனக்கு வரணும்போல இருக்கு. அவ்வளவுதான்."

படகுக்கு மற்ற ஆட்கள் சேர்ந்துவிட்டார்களாம், வெள்ளிவரை காத்திருக்காமல் நாளைக்கே கிளம்ப வேண்டும் என்றார்களாம். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். இப்போது அவள்தான் பார்க்கவில்லை. மீன்கள் மேல் சுண்ணாம்பைத் தூவி, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்தாள். அவளுக்கு ஆத்திரம் இல்லை. எங்கோ ஒரு பாரம் இறங்கியிருந்தது. இறங்கிய இடம் வலித்தது.

சாயங்காலத் தீவனத்துக்கு என்ன செய்வது என்று அவன் கேட்டான். இரண்டு நாளைக்கு ஒன்றும் போடக் கூடாது என்றாள். இனி ஐம்பது நாளைக்கு அந்தக் குளத்தை அவள் மட்டும்தான் பார்க்க வேண்டும். மிச்சம் இருக்கிற சின்ன மீன்களையாவது வளர்த்துக் காட்ட வேண்டும். யாருக்கு என்பதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

"பாப்பா நாலு மணிக்கு ஸ்கூல்லேருந்து வருவா" என்றாள், மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே. "அவகிட்ட நீங்களே சொல்லுங்க. என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லணும்."

அவன் கரையில் உட்கார்ந்தான். மணி இரண்டுதான் ஆகியிருந்தது. அப்போதே அவன் கண் தெருமுனைக்குப் போய்விட்டது.