ஓராண்டு முந்தி வரும் துரு

காப்பித் துரு நோய் இலைகளில் வருவதற்கு ஓராண்டு முன்பே காசிமிரா மத்தியாஸின் இடது உள்ளங்கையில் வந்தது. குவாத்தமாலாவின் வேவேதெனாங்கோ மலையில், ஆயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில், அவள் பழம் பறித்துக்கொண்டிருந்தபோது கையை ஆரஞ்சுப் பொடி மூடியது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் மாலைவரை போகவில்லை. அடுத்த அறுவடைக்குள் அதே வரிசைகளில் இலைகளின் அடியில் அதே பொடி படிந்தது. இலைகள் கொட்டின, செடிகள் விறகாயின. அதன்பின் ஊரார் அவளை அழைத்துப்போய்ச் செடிகளைத் தொடச் சொன்னார்கள். கை நிறம் மாறினால், அந்தத் தோட்டத்தை விட்டு, துரு எட்டாத குளிரைத் தேடி இன்னும் மேலே ஏறி நட்டார்கள். "வந்துட்டாடா துருக்காரி, கையப் பைக்குள்ள வச்சுக்கச் சொல்லு" என்று கேலி செய்தவர்களும் கன்று நடும் முன் அவளைத்தான் தேடி வந்தார்கள். தலைநகரிலிருந்து வந்த பயிர்நோய் ஆய்வாளர் வெப்பக் கணக்குகளை வைத்து ஒரு வரைபடம் போட்டார்: குளிர் மேலே பின்வாங்கும், துரு அதைத் துரத்திக்கொண்டு ஏறும். துரு எட்டும் உயரம் என்று அவர் போட்ட கோடும் அவள் கை காட்டிய உயரமும் பத்து மீட்டர்கூட வேறுபடவில்லை. "உங்க கைக்கு வேலையே போட்டுக் குடுக்கலாம்மா" என்றார். "மருந்து குடுங்க ஐயா, போதும்" என்றாள். அவரிடம் வரைபடம்தான் இருந்தது.

பதினான்கு ஆண்டுகளில் தோட்டங்கள் ஐந்து முறை மேலேறின. முன்பெல்லாம் உறைபனியில் காப்பியே பிழைக்காத உச்சிச் சரிவில், அவள் தம்பி நிக்கனோர் எண்ணூறு கன்றுகளை முதுகில் சுமந்துபோய் நட்டான். அதற்கு மேல் மேகம்தான். மூன்றாம் ஆண்டில் முதல் பூ வந்ததும் அக்காவை அழைத்தான். அவள் கையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வேணாம்டா. தெரியாமலே ஒரு வருஷம் சந்தோஷமா இரு."

"தெரியாம இருந்தா வராமப் போயிருமாக்கா? தொடு."

தொட்டாள். நிக்கனோர் அவள் கையை வாங்கி, பொடியைத் தன் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். "பூ நல்லாத்தான் வந்திருக்கு" என்றான்.

மறு ஆண்டு துரு வந்தது. நிக்கனோர் மனைவியோடு பிழைப்புத் தேடி வடக்கே, நாட்டின் எல்லையை நோக்கிப் போனான். பின்னாலேயே பாதி ஊர் போனது. ஆய்வாளரின் கோடு உச்சியைத் தாண்டி வெறும் வானத்தில் முடிந்தது. காசிமிரா போகவில்லை. ஒரு ஜூன் காலை மக்காச்சோளத்துக்குக் களையெடுக்கும்போது அவள் உள்ளங்கை கறுத்தது. இதுவரை வராத நிறம்.

"இது என்ன நோயி, சின்னம்மா?" என்று பக்கத்து வயல் பெட்ரோனா கேட்டாள்.

"பேரு அடுத்த வருஷம் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டுக் காசிமிரா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.