நாயுருவி ஒட்டிய சேலை

செங்கமலத்துக்குக் கொசு பிடிப்பது உத்தியோகம். அரியலூர் சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் போய்க் கண்ணாடிக் குழாயில் கொசுவை உறிஞ்சிப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவாள். ஒரு வாரம் சோம்பல்பட்டு, ரெட்டிபாளையத்தில் தன் வீட்டுக் கொசுவையே பிடித்து அனுப்பிவிட்டாள். வினை அங்கேதான் பிடித்தது.

'உங்கள் வீட்டுக் கொசுவில் புது வைரஸ் இருக்கிறது' என்று ஆய்வுக்கூடத்து டாக்டர் தபால் அட்டையில் எழுதிவிட்டார். படித்த மனுஷன், உறையில் போட்டு ஒட்டக் கூடாதா? அட்டை அவள் கைக்கு வருமுன் ஊரே படித்துவிட்டது. ரஞ்சன்குடியில் அவளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை கொளஞ்சியின் அம்மா ஆண்டாயி காதுக்கும் போய்விட்டது. அடுத்த வாரம் இரண்டாவது அட்டை நல்ல சேதியோடு வந்தது. அதைப் படிக்கத்தான் ஊரில் நாதியில்லை.

அந்த அட்டை வந்த மறுநாளே ஆண்டாயி வந்துவிட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கிப் புதர்க்காட்டுக் குறுக்குவழியில் விறுவிறுவென்று நடந்து வந்தவள், போட்டிருந்த இலை முன்னால் உட்காரவே இல்லை. சம்பந்தம் வேண்டுமென்றால் கை நனைப்பார்கள். நனைக்காமல் போனால் கல்யாணம் நின்றது என்று அர்த்தம். செங்கமலம் சொம்புத் தண்ணீரை இலை பக்கத்தில் வைத்துவிட்டுக் கெஞ்சலாகப் பார்த்தாள். கொளஞ்சியை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"நோய்க் கிருமி இருக்குற வூட்ல எப்புடிம்மா பொண்ணெடுக்குறது?"

"அது கொசுவுக்கு வர்ற கிருமிங்க அத்தே. அதை எலிக்குட்டிக்கு ஊசியில போட்டுப் பாத்தாங்களாம், ஒண்ணும் ஆவலை. கொசு உடம்புலதான் வளருதாம்."

"கொசு உடம்புல வளர்றது எம்மவன் உடம்புல வளராதா? யாருகிட்ட கதை வுடுற?"

கண்ணில் நீர் முட்டச் செங்கமலம் தலை குனிந்தாள். அப்போதுதான் ஆண்டாயியின் சேலைக் கரை கண்ணில் பட்டது. கரை முழுக்க நாயுருவி விதை! சட்டென்று ஒன்றைப் பிய்த்தெடுத்தாள்.

"சேலையில இம்புட்டு ஒட்டியிருக்கே, கால்ல ஏன் ஒட்டலை?"

"கால்ல எப்புடிடி ஒட்டும்? முள்ளு மாட்ட நூலு வேணாமா?"

"அந்தக் கிருமியும் இப்புடித்தாங்க. நடுவுல வெத, மேல தோலு, அதுக்கும் மேல முள்ளு. கொசுவோட செல்லு மேல அந்த முள்ளு மாட்ட எடம் இருக்கு. மாட்டுனா செல்லு அதை உள்ள முழுங்கிடும். அப்பறம் தோலு கழண்டு வெத மொளைச்சுக்கும். நம்ம உடம்புல அது மாட்ட எடமே இல்லீங்க."

ஆண்டாயி சேலையைப் பார்த்தாள். கெண்டைக்காலைத் தடவிப் பார்த்தாள்.

"அப்ப சீக்கு கொசுவுக்குத்தானா?"

"ஆமாங்க அத்தே."

"நல்லா வரட்டும்! நம்மள என்ன பாடு படுத்துது!"

சொம்பை எடுத்துக் கை கழுவிவிட்டு, இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன முழிச்சுக்கிட்டு நிக்கிற? சோத்தப் போடு."

சந்தோஷத்தில் செங்கமலம் குழம்பை இலைக்கு வெளியே ஊற்றினாள்.