கடைசி லோடும் கடுங்காப்பியும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு மருத்துவக் கட்டுரையிலிருந்து கிடைத்தது. குடித்தவன் காப்பி குடித்தால் தூக்கம் போகும், போதை போகாது என்று அதில் இருந்தது. எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்து டிராக்டர்காரர்கள் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள். எழுதப்போகிறேன் என்றதும் பத்திரிகை நண்பர் கேட்டார்: “கள்ளக்குறிச்சி, குடி... சரி, கடைசியில் எத்தனை பேர் சாகிறார்கள்?”

சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன். இதில் ஒருவரும் சாக மாட்டார்கள்.

2

‘கல்வராயன் மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்த—’ வேண்டாம். மலையை எழுத ஆரம்பித்தால் ஆள் வருவதற்குள் பக்கம் தீர்ந்துவிடும்.

‘தமிழ்வேந்தன் ஒரு குடிகாரன்—’ பொய். அவன் தினமும் குடிப்பவன் இல்லை.

சரி, இப்படி. கச்சிராயபாளையம் பக்கம் ஒரு கரும்புத் தோட்டம், வெட்டு முடிகிற நாள். கடைசி லோடு டிராக்டரில் ஏறியதும் வயல்காரர் ஆட்களுக்குக் கறிசோறும் டிரைவருக்கு ஒரு பாட்டிலும் தருவது வழக்கம். வேண்டாமென்றால் அவர் முகம் சுருங்கிவிடும். டிரைவர் தமிழ்வேந்தன் குடித்தான். பிறகு எல்லா டிரைவர்களும் செய்வதைச் செய்தான்: டம்ளர் நிறையக் கடுங்காப்பி, அதன்மேல் இன்னொரு டம்ளர். கண் பளிச்சென்று திறந்துகொண்டது. மலையையே இழுத்துக்கொண்டு போகலாம் போலிருந்தது அவனுக்கு.*

“தெளிஞ்சிட்டேன். ஏறுங்க, போலாம்.”

லோடுக்கு மேலே உட்கார்ந்து ஊருக்குப் போக வேண்டியவர்கள் வெட்டுக்காரப் பெண்கள். அவர்களில் ஒருத்தி அவன் மனைவி மலர்விழி. வழியில் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு வாய்க்கால் பாலம் இருக்கிறது.

(* களைத்த மூளை தூங்கச் சொல்லி ஒரு பொருளைச் சேர்த்துவைக்கும். அது உட்காரும் இடத்தில் காப்பி போய் உட்கார்ந்துகொள்ளும். தூக்கம் வராது. ஆனால் கண்ணுக்கும் கைக்கும் நடுவே சரக்கு உண்டாக்கிய தாமதம் அப்படியேதான் இருக்கும். தெளிந்துவிட்டோம் என்ற நினைப்புதான் காப்பியின் கொடை.)

3

‘மலர்விழி தயங்கியபடி ஏறி—’ எழுதி அடித்துவிட்டேன். அவள் அப்படி ஏறுகிற ஆள் இல்லை.

வெட்டு இடைவேளையில் இவர்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் கரும்புத் துண்டை நெட்டுக்குத்தாகத் தொங்கவிடுவார். மற்றவர் அதன் கீழ்முனையில் இரண்டு விரலை விரித்துக் காத்திருப்பார். சொல்லாமல் விடுவார்கள், பிடிக்க வேண்டும். தவறவிட்டவர் எல்லோருக்கும் கரும்பு சீவித் தர வேண்டும். இந்த வெட்டு முழுக்கத் தமிழ்வேந்தன் ஒருமுறைகூடச் சீவியதில்லை.

“கையை நீட்டுய்யா,” என்றாள் மலர்விழி.

“வெளையாடற நேரமா இது?”

“புடிச்சினா நானே மொத ஆளா ஏர்றேன்.”

கரும்பு விழுந்தது. விரல் மூடியபோது அது அவன் காலடியில் கிடந்தது.

“ஏமாத்திட்ட. இன்னொருக்கா விடு.”

மறுபடியும் தரையில்தான்.

“தொட்டனே!” என்றான். அவன் விரல் சத்தியமாகத் தொட்டது போலத்தான் அவனுக்கு இருந்தது. பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

மலர்விழி டிராக்டரிலிருந்து சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“லோடு நின்னா காய்ஞ்சி எடை கொறையும்டி. வயல்காரருக்கு இன்னா சொல்றது?”

“பாட்டில் குடுத்தவரே வந்து காவல் படுக்கட்டும். நாங்க நடந்துகினு போறோம், வூடு எங்கியும் ஓடிடாது.”

4

முடிவு அ: அவன் சாவியைப் பிடுங்குகிறான். டிராக்டர், பாலம், அலறல். நண்பருக்குப் பிடித்திருந்தது. கிழித்துப் போட்டேன்.

முடிவு ஆ: அவன் திருந்தி, இனிமேல் தொடமாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம்— இதை மலர்விழியே நம்பமாட்டாள்.

இப்போதைக்கு நடப்பது இவ்வளவுதான். தோற்றவன் சீவ வேண்டும் அல்லவா? அவன் கத்தியை எடுத்தான். அதையும் அவள் வாங்கிக்கொண்டாள்.

“கத்தி வாணாம். பல்லால உரி.”

பட்டப்பகலில், பளிச்சென்ற கண்ணோடு, பெண்கள் எல்லோருக்குமாக அவன் பல்லால் கரும்பு உரித்துக்கொண்டிருக்கிறான். முகம் கடுகடு என்றிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்து வந்து, இப்போது நிஜமாகவே தெளிந்துவிட்டது என்று சாவி கேட்பான். அதற்குள் நான் எழுதுவதை நிறுத்தியிருப்பேன். உங்களைத்தான் கேட்பான். பேச்சு திருத்தமாகத்தான் இருக்கும், கேட்டால் கொடுத்துவிடத் தோன்றும். ஒன்றும் பதில் சொல்ல வேண்டாம். கீழே கிடக்கிற கரும்பை எடுத்து, கையை நீட்டச் சொல்லுங்கள்.