பல்லவிக்கு முன்னால் ஒரு மூச்சு

மருந்துக்கடை அக்கா டிரம்ஸ் வாசிப்பாள் என்று சொன்னால் அந்தத் தெருவில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துக்கொண்டு டாக்டர் சீட்டை உற்றுப் பார்க்கிற அக்கா, அவ்வளவுதான். கூட்டம் இல்லாத நேரத்தில் அவளுடைய விரல்கள் மேஜையில் சும்மா கிடப்பதில்லை என்பதைக் கவனித்தவர் ஒரே ஒருவர். பிரஷர் மாத்திரைக்கு வருகிற பாடகர். விடுமுறை நாட்களில் விசேஷங்களுக்குப் பாடும் குழு ஒன்று அவருடையது. டிரம்மர் வேலை மாற்றலாகிப் போய்விட்டார், வருகிற ஞாயிறு புது ஆள் எடுக்கிறோம், நீங்களும் வந்து வாசித்துக் காட்டுங்கள் என்று மாத்திரையை வாங்கிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வயிற்றுவலி என்று வந்தவருக்குத் தலைவலித் தைலத்தை எடுத்து நீட்டினாள்.

படிக்கிற காலத்தில் அவள் டிரம்ஸ், அண்ணன் கிட்டார். வீட்டின் பின்னறை ஜன்னலில் பழைய மெத்தையைச் சாத்திவிட்டு வாசிப்பார்கள். இடியும் மின்னலும் என் வீட்டிலேயே வந்து பிறந்திருக்கிறது என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார். அவளுக்கு இடி என்ற பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அண்ணனை மட்டும் யாரும் மின்னல் என்று கூப்பிடவில்லை. எதற்கும் ஆடி அசைந்து வருகிறவனை எப்படி அப்படிக் கூப்பிடுவது?

அவனுடைய கிட்டாருக்குக் காலால் மிதிக்கிற ஸ்விட்ச் ஒன்று இருந்தது. மிதித்தால் கிட்டார் சத்தம் எகிறும். பாழாய்ப்போன அந்த ஸ்விட்ச் மக்கர் பண்ணும், இரண்டு தரம் மிதித்தால்தான் கேட்கும். பாவம், மிதித்துக்கொள்ளட்டும் என்று பல்லவிக்கு முன்னால் அவள் ஒரு மூச்சு நிறுத்துவாள். பிறகு இரண்டு பேரும் ஒன்றாகப் பாய்வார்கள். அந்தப் பாய்ச்சலுக்காகவே அவள் பாட்டின் மீதியையெல்லாம் வாசித்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

கல்யாணத்துக்குப் பிறகு டிரம்ஸ் போன இடம் தெரியவில்லை. அண்ணன் வேறு ஊரில் டைல்ஸ் கடை போட்டான். நல்லது கெட்டதுக்கு மட்டும் பேச்சு என்றாகிவிட்டது.

பழகிக்கொண்டு வரச்சொல்லிப் பாடகர் அனுப்பிய பாட்டுகளில் ஒன்று அவர்கள் வாசித்த பழைய பாட்டு. அதையே பிடித்துக்கொண்டாள். அவர் அனுப்பிய பதிவை விட்டுவிட்டு, பின்னறையில் பதிவுசெய்த பழைய கேசட்டிலிருந்து போனுக்கு ஏற்றிவைத்திருந்ததைப் போட்டுக்கொண்டு, சோபா மெத்தைகளை வெளுத்து வாங்கினாள். சோபா என்ன பாவம் பண்ணிற்று என்று கேட்டுவிட்டு, கணவர் பேப்பரோடு பிளாஸ்டிக் நாற்காலிக்குக் குடிபெயர்ந்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எப்படியாவது அந்த இடம் கிடைக்க வேண்டும். தனக்கென்று ஒன்றை இவ்வளவு ஆசைப்பட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனாள். குழு ஒத்திகை பார்க்கிற மரச்சாமான் கடைக் கிடங்கில், பாலிஷ் காயாத கட்டில்களுக்கு நடுவே டிரம்ஸ் இருந்தது. உட்கார்ந்தாள். கை தானாக ஓடியது. பாடகர் தலையாட்டி ரசித்தார். பல்லவிக்கு முன்னால் அவள் நிறுத்தினாள். கிட்டார் பையன் நிற்காமல் முன்னே போய்விட்டான், பாடகர் ஒரு வரியை விழுங்கினார். சிரித்துக்கொண்டே மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடியும் அதே இடத்தில் நின்றாள்.

பாடகர் மைக்கைத் தள்ளிவைத்தார்.

"கை ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா அந்த இடத்துல யாருக்காக நிக்கிறீங்க?"

அவள் குச்சிகளை மடியில் வைத்தாள். அடுத்த ஞாயிறு இன்னொருவரும் வருகிறார், அன்றைக்கு நீங்களும் இன்னொரு தரம் வாசியுங்கள், பார்த்து முடிவுசெய்யலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டாள். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. உன் ஓட்டை ஸ்விட்சால் என் மானம் போச்சு என்று பிடிபிடியென்று பிடித்தாள். அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"அந்த ஸ்விட்சை வாங்கின கொஞ்ச நாள்லயே மாத்திட்டேனே இடி. அதுக்கப்புறமும் நீ அங்க நின்ன. உனக்குத்தான் மூச்சு வாங்குதோன்னு நானும் நின்னேன்."

அவள் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். நீ முதலில் போ, நீ முதலில் போ என்று இரண்டு பேரும் வாசலிலேயே நின்ற கதையாக அல்லவா இருக்கிறது. இதில் அவனைச் சோம்பேறி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறாள். சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"நல்லா இருந்துச்சே" என்றான்.

அந்த வாரம் பழைய பதிவைத் தொடவே இல்லை. பாடகர் அனுப்பியதைப் போட்டு, நிற்காமல் போகக் கையைப் பழக்கினாள். ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் வந்தபோது நெஞ்சு நின்றது, கை நிற்கவில்லை. கிட்டார் அவளோடு சேர்ந்தே வந்து விழுந்தது. இன்னொருவரும் வாசித்து முடித்த பிறகு, இனி ஒத்திகைக்கு வந்துவிடுங்கள் என்று பாடகர் அவளிடம் சொன்னார். கட்டிலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் போனில் பிடித்துக்கொண்டிருந்த கணவர், பாலிஷில் கை வைத்துவிட்டதைக்கூடக் கவனிக்கவில்லை.

அந்த வீடியோவை அண்ணனுக்கு அனுப்பினாள். பதில் வழக்கம்போல ஆடி அசைந்துதான் வந்தது.

"பிரமாதம் இடி. கிட்டாரை எடுத்து நானும் கூடவே வாசிச்சேன். பல்லவிக்கு முன்னால நான் மட்டும்தான் நின்னுட்டேன்."