ராஜாத்தி ஸ்டாப்

எங்கள் கம்பெனி வேன் டிரைவர்களுக்கு ஓசூர் பக்கத்து மத்திகிரியில் எந்தத் தெருவின் பெயரும் வேண்டாம். யார் ஏறுகிறாளோ அவள் பெயர்தான் ஸ்டாப். ராஜாத்தி ஏறுமிடம் ராஜாத்தி ஸ்டாப். வேன் எங்கே போகிறதென்று கம்ப்யூட்டரில் காட்டும் மேப் 2009இல் வந்தபோது, அந்தப் பெயர்களையே அதில் ஏற்றிவிட்டார்கள். எந்தப் புத்திசாலி செய்தானோ.

ராஜாத்தி, அடித்து உதைக்கும் புருஷனிடமிருந்து தப்பி வந்தவள். யாருக்கும் சொல்லாமல் வீடு மாற்றியிருந்தாள்; வேனுக்காக எங்கள் ஆபீஸில் மட்டும் சொன்னாள், மேப்பிலும் அவள் ஸ்டாப் இடம் மாறியது. நேற்று இரவு அவள் இறங்க வேன் கதவு திறந்தால் எதிரே அவன். டிரைவர் ஆஞ்சப்பன் கதவைச் சாத்தி வண்டியைக் கிளப்பியதால் தப்பித்தாள். நேராக நான் குடியிருக்கும் அறைக்கு வந்தாள்.

"மேப்புல உம் பேரைப் பாத்துட்டுத்தான் வந்தேன்னு கத்துறான்க்கா. இனி நான் எங்க எறங்குறது?"

காலையில் டிரான்ஸ்போர்ட் மேனேஜர் முத்துக்குமாரிடம் போனேன். நான் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவள்.

"பாஸ்வேர்டு இருக்குதே சுவாதி. வெளியாளு எப்படிப் பாப்பான்?"

பாஸ்வேர்டு வெப்சைட்டின் முதல் பக்கத்துக்குத்தான். உள்ளே ஒட்டியிருக்கும் மேப்புக்குத் தனி இணைய முகவரி. அது கையில் இருந்தால் யாருக்கும் திறக்கும். வேன் காண்ட்ராக்டர் ஆபீஸில் எல்லோரிடமும் அது இருந்தது; அங்கே யாரிடமிருந்தோதான் அவன் கைக்குப் போயிருக்கும். போன மாதமே இதைச் சொன்னேன். காதில் போட்டுக்கொண்டால்தானே!

அவர் கம்ப்யூட்டரிலேயே பாஸ்வேர்டு போடாமல் திறந்து காட்டினேன். ராஜாத்தி ஸ்டாப். சரசம்மா ஸ்டாப். சற்றுத் தள்ளி, கம்பெனி கார் போகுமிடம்: மேனேஜர் வீடு.

அவர் முகம் மாறியது. உடனே பெங்களூரில் மேப் செய்தவனுக்குப் போன் போட்டார். எனக்குப் புரியக்கூடாதென்று கன்னடத்தில் பேசினார்.

"ஈக நன்ன மனெ மாத்ர தெகீரி. மிக்கித்து சோமவாரா."

இப்போது என் வீட்டை மட்டும் எடுங்கள், மற்றது திங்கட்கிழமை. மதுரைக்காரிக்கு என்ன தெரியும் என்ற நினைப்பு. ஓசூரில் ஆறு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். வீட்டுக்காரம்மா நஞ்சம்மாவிடம் தினமும் கன்னடத்தில்தான் சண்டை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கினேன்.

"மேப் பூர்த்தி நில்லிஸி. ஈகலே. மேனேஜர் ஹேளித்தாரெ."

மேப் முழுவதையும் இப்போதே நிறுத்துங்கள், மேனேஜர் சொல்லியிருக்கிறார் என்றதும் அவன் நிறுத்திவிட்டான். திரை வெளுத்தது.

"உன் வேலை போச்சுன்னு வெச்சுக்க," என்றார்.

"போகட்டும் சார். அவ எங்க எறங்குறான்னு இனி உங்களுக்கும் தெரியாது."