கட்டத்துக்குள் ஒரு கடுகு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு என் கையில் இருக்கும் ஒரே சரக்கு ஒரு கடுகுதான். போன மாதம், 1969 பிறந்த மூன்றாவது வாரம், சிங்கப்பூர் சுங்கை ரோட்டுப் பழஞ்சாமான் கடையில் ஒரு வாஃபிள் அச்சு வாங்கினேன். நீளக் கைப்பிடி வைத்த இரண்டு இரும்புத் தட்டுகள், ஓரத்தில் கீல், உள்ளே வரிசை வரிசையாகக் கட்டங்கள். மாவை ஊற்றி மூடி, அடுப்பில் திருப்பித் திருப்பிச் சுடவேண்டும். வெள்ளைக்காரர்கள் சர்க்கரைப் பாகு ஊற்றிச் சாப்பிடும் பலகாரம். வீட்டில் அதைத் துடைத்தபோது ஒரு கட்டத்தின் மூலையில் கருகிய கடுகு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

சர்க்கரைப் பாகுக்கும் கடுகுக்கும் என்ன சம்பந்தம்? யாரோ நம்மவர் அதில் தாளித்துக் கொட்டியிருக்கிறார். யார், எதற்கு என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதாமல் நிம்மதியாக இருந்திருப்பேன்.

2

முதல் ஆரம்பம்:

“அந்தோனியம்மாளின் கண்களில் சொல்லமுடியாத ஒரு சோகம் –”

வேண்டாம். சமையற்காரி என்றதும் கண்ணில் சோகத்தைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறது இந்தப் பாழாய்ப்போன பேனா. இரண்டாவது ஆரம்பம்:

அந்தோனியம்மாளுக்கு நாற்பத்தொரு வயது. பதினெட்டு வருஷமாகச் சிலேத்தார் விமானத்தளத்தில் வெள்ளைக்காரர் வீடுகளில் சமையல். கணவர் காலமாகிவிட்டார். பிள்ளை இல்லை. (ஒரு பிள்ளையை வைத்துத்தான் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் அழுதது. எடுத்துவிட்டேன்.) இப்போது வேலை செய்யும் வீட்டு மேமின் கணவருக்கு ஹாங்காங்குக்கு மாற்றல். மேம் அவளையும் கூடவே கூப்பிடுகிறார். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கம், தேக்காவில் ஒலி முகம்மதுவின் காப்பிக்கடை. கடை முகப்பில் அப்பம் சுட்டவர் ஊருக்குத் திரும்பிவிட்டதால் அந்த மூலை காலி. “புதுசா எதையாவது சுட்டுக் காட்டு தங்கச்சி, எனக்குப் பிடிச்சா மூலை உனக்கு” என்றார் பாய். மேம் வேண்டாமென்று ஒதுக்கிய வாஃபிள் அச்சைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அந்தோனியம்மாள் கடைக்கு வந்து சேர்ந்தாள்.*

ஹாங்காங் போனால் பழகிய வேலை, ஆனால் முன்பின் தெரியாத ஊர். இங்கேயே இருந்தால் சொந்த அடுப்பு, ஆனால் யார் வந்து வாங்குவார்கள் என்று தெரியாது. எதுதான் வேண்டும் என்று அவளையே கேட்டேன். “எனக்கே தெரியலங்க” என்றாள். கதாபாத்திரமே இப்படிச் சொன்னால் எழுதுகிறவன் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

* ஏன் வெள்ளிக்கிழமை என்று கேட்பீர்கள். மறுநாள் சனிக்கிழமை, அவ்வளவுதான். இதற்கெல்லாம் பெரிய காரணம் கிடையாது.

3

முதலில் அடை மாவு என்றுதான் எழுதியிருந்தேன். என் மனைவி சரஸ்வதி படித்துவிட்டுச் சிரித்தாள். “கொரகொரன்னு அரைச்ச பருப்பு அத்தனையும் கட்டத்துல போய் மாட்டிக்கும். விவரம் தெரிஞ்ச சமையக்காரி இதைச் செய்வாளா?”

செய்யமாட்டாள். ஆகவே இட்லி மாவு. அதில் ஒரு பிடி அரிசி மாவு கலந்து, கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டியிருந்தாள். வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி முள்கரண்டியில் குத்தி, நல்லெண்ணெய் தொட்டுக் கட்டங்களைத் தேய்த்தாள். கரியடுப்பில் அச்சு காய்ந்தது. ஊற்றினாள், மூடினாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, திறந்துவிட்டாள்.

மேல்தட்டில் பாதி, கீழ்த்தட்டில் பாதி. கிழிந்துபோயிற்று.

“என்னம்மா இது?” என்றார் ஒலி முகம்மது.

தப்பு அவளுடையதுதான். மேம் வீட்டில் இதே அச்சில் எத்தனையோ தடவை சுட்டவள், அங்கே ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. உள்ளே இட்லி மாவு என்றதும் கை தோசை சுடும் கையாகிவிட்டது. தோசை கண்ணெதிரே வேகும், ஓரம் சிவப்பதைப் பார்த்துத் திருப்பலாம். மூடி வைத்ததைத் திறந்து பார்க்காமல் இருப்பது மனித மனத்துக்கு – (இங்கே ஒரு தத்துவம் எட்டிப் பார்த்தது. விரட்டிவிட்டேன்.)

“இது தோசையா, ரொட்டியா? கேக்குறவங்களுக்கு நான் என்னன்னு சொல்றது?”

“கட்டத் தோசைன்னு சொல்லுங்க பாய்.”

“கேட்டா சிரிப்பாங்க லா. சரி, இன்னொண்ணு ஊத்து. நான் ஜும்மாவுக்குப் போகணும்.”

அவள் அச்சைச் சுரண்டி, எண்ணெய் தேய்த்து, மறுபடி ஊற்றி மூடினாள். திருப்பிப் போட்டாள். ஓரங்களில் ஆவி வந்தது.

“ஆயிடுச்சா?”

“ஆவி அடங்கட்டும் பாய்.”

ஆவி அடங்கியது. கைப்பிடியைப் பிடித்த கை திறக்கவில்லை. நன்றாக வந்தால் இருந்தாக வேண்டும், கிழிந்தால் போயாக வேண்டும். அவளுக்குப் பயமாக இருந்தது. எனக்கும்தான்.

4

முடிவு ஒன்று: பொன்னிறமாக முழுசாக வந்தது. பாய் மிளகாய்ச் சம்பல் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, “திங்கக்கிழமை வந்துடு” என்றார். எழுதி முடித்துவிட்டு ஆவலோடு அவள் முகத்தைப் பார்த்தால், சிரிப்பைக் காணோம்.

முடிவு இரண்டு: மறுபடியும் கிழிந்தது. அவளிடமிருந்து ஒரு நிம்மதிப் பெருமூச்சு. எனக்கு வந்ததே கோபம்! உனக்காக இத்தனை பக்கம் மெனக்கெட்டேனே, நீ என்னடாவென்றால் –

அச்சு சுங்கை ரோட்டுக்கு வந்ததை வைத்துத் துப்புத் துலக்கலாமென்று பார்த்தேன். ஹாங்காங் கிளம்பும்போது விற்றிருக்கலாம். வியாபாரம் சூடுபிடித்து நாலு புது அச்சு வாங்கிப் பழசைத் தள்ளியிருக்கலாம். குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

இரண்டு முடிவையும் சரஸ்வதியிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் ஒன்றும் இல்லை.

“ரெண்டுலயும் அவ ஒரு வாய்கூடச் சாப்பிடலையே?”

“பாய்க்குத்தானே சுடுறா?”

“பதினெட்டு வருஷமா யாருக்கோதான் சுடுறா. அவளுக்குப் பிடிச்சிருக்கான்னு மேமும் கேக்கல, பாயும் கேக்கல. நீங்களுமா?”

வெட்கமாகப் போய்விட்டது. போகிறாயா இருக்கிறாயா என்று கேட்டேனே தவிர, நீ சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

5

அந்தோனியம்மாள் அச்சைத் திறந்தாள். வாஃபிள் கீழ்த்தட்டில் முழுசாகக் கிடந்தது. ஒலி முகம்மது தட்டை நீட்டினார்.

அவள் தட்டில் வைக்கவில்லை. ஒரு மூலையைப் பிய்த்து, ஊதி, தன் வாயில் போட்டுக்கொண்டாள். மேம் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டுப் பழகியவள். சுட்டதும் சுடச்சுடத் தின்பது எப்படியிருக்கும் என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

“எனக்குத்தானே தங்கச்சி சுட்ட?”

“இருங்க பாய்.” மென்றாள். “உப்பு ஒரு கல்லு கம்மி.”

பாய் தாமே ஒரு துண்டு பிய்த்துப் போட்டுக்கொண்டார். கண்ணை மூடித் திறந்தார். “நல்லாத்தான் இருக்கு லா. மூலை உனக்குத்தான். திங்கக்கிழமை வரியா? வேற ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருக்கான், இப்பவே சொல்லிடு.”

நேற்றுவரை இந்தக் கேள்வி அவளை ஆட்டிப் படைத்தது. இன்றைக்கு அது அவள் எதிரே தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவள் பாயைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், இன்னொரு பெரிய துண்டாகப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

எனக்கு இதற்கு மேல் தெரியாது. பாயோடு நீங்களும் கொஞ்சம் நில்லுங்கள், தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள். வாய் நிறைய இருக்கிறது. விழுங்கிவிட்டுச் சொல்வாள்.