தாண்டிப்போன அலாரம்

மஞ்சக்குட்டையில் விடிந்தும் விடியாத வேளை. காப்பித் தோட்டத்துக்குள் இறங்கிய மூடுபனி மடிக்கணினித் திரையையும் நனைக்கப் பார்த்தது. பம்பு அறை வாசலில் உட்கார்ந்திருந்த ஜெஸ்லின் அதைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே இருந்தாள். சுவரில் இருந்த பெட்டி அவள் செய்தது. பேட்டரி தீராமலிருக்க நாளெல்லாம் தூங்கும். உள்ளே ஓடும் கடிகாரம் விடியலில் அலாரம் கொடுத்ததும் விழித்துப் பம்பை ஓட்ட வேண்டும். மாட்டியதிலிருந்து இரண்டு விடியலாகக் கும்பகர்ணத் தூக்கம். கோடை மழை ஏமாற்றியதில் செடியிலிருந்த மொட்டுகளும் தூக்கத்தில்தான் இருந்தன. இன்றும் தண்ணீர் படாவிட்டால் கருகிவிடும், இந்த வருஷம் பூவே கிடையாது. அதனால்தான் இன்று காவலுக்கு வந்திருந்தாள்.

கடிகாரத்தை இயக்கும் டிரைவர் நிரலை வரிவரியாகப் படித்தாயிற்று. பிழை கண்ணாமூச்சி காட்டியது. தானும் பெட்டியும் மொட்டுகளும் ஒரே போர்வைக்குள் கிடப்பதுபோல அவளுக்குக் கண் சொருகியது.

அப்பா ரொனால்ட் பனிக்குள்ளிருந்து வந்தார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நேரே பெட்டியிடம் போய்ப் பொத்தானை அமுக்கி, நேரத்தைக் கால் மணி முன்னால் தள்ளினார்.

"என்னங்கப்பா பண்றீங்க?"

"நொம்பச் சோம்பேறிப் பொட்டி கண்ணு. எஸ்டேட் மணிக்குக் கால் மணி பின்னால ஓடுது. தெனமும் நாந்தான் சரி பண்றேன்."

ஆட்கள் தாமதிக்கக் கூடாதென்று எஸ்டேட்டில் மணியை எப்போதுமே கால் மணி முந்தி அடிப்பார்கள். வீட்டுக் கடிகாரங்களும் இன்னும் அந்தக் கணக்குத்தான். முந்தி ஓடுகிறதென்று சாயங்காலம் இவள் பெட்டியின் நேரத்தைத் திருத்த, விடியலில் அவர் தள்ளியிருக்கிறார். அலாரம் அடிக்க வேண்டிய நிமிடமும் தள்ளிய கால் மணிக்குள் போய்விட்டது. கடிகாரம் தொடாமல் தாண்டிய நிமிடத்துக்காகப் பெட்டி தூங்கியபடியே காத்திருந்தது.

ஜெஸ்லினுக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும். தொடாதீர்கள் என்றால் கேட்டுக்கொள்வார். ஆனால் ஆயுசெல்லாம் அந்த மணிக்கு எழுந்தவரிடம் அது பொய் நேரம் என்று சொல்ல மனம் வரவில்லை. கடிகாரத்தை யாராவது தள்ளத்தான் செய்வார்கள். தள்ளினால் விழிக்கத் தெரியாதது டிரைவரின் குற்றம். புதிதாக ஒரு நிபந்தனை எழுதினாள்: நேரம் மாறியதும் அலாரத்தைப் பார், தாண்டியிருந்தால் உடனே எழுப்பு. நிரலை ஏற்றி, நேரத்தைத் திருத்தி, பத்து நிமிடம் கழித்து அடிக்கும்படி அலாரம் வைத்துப் பெட்டியைத் தூங்கவிட்டாள்.

"அப்பா, இப்பத் தள்ளுங்க."

"வைய மாட்டியே?"

"தள்ளுங்கப்பா."

தள்ளினார். பெட்டி அசையவில்லை. பிறகு பம்பு ஒருமுறை செருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. பனிக்குள் எங்கோ தெளிப்பான் சுழலும் சத்தம் மட்டும் வந்தது.

கீழே எஸ்டேட் மணி அடித்தது. அப்பா பெட்டியின் நேரத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பக்கத்துக் கிளையில், திறக்காத மொட்டுகளின் நுனியில் தண்ணீர் திரண்டு சொட்டாமல் நின்றது.